மோதி பாக் தொட்டியில் பிடிபட்ட நத்தை

உமாமகேஸ்வரிக்கு நத்தை என்றால் உயிர். கல்லூரித் தோழிகள் இதைக் கேலியாகத்தான் சொல்வார்கள். அவள் மறுத்ததே இல்லை. அப்பா தர்மன் கட்டட வேலை செய்பவர். அம்மா ஆராயி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குப் பிழைக்க வந்து, ஆர்.கே.புரத்தை ஒட்டிய ஜுக்கியில், குடிசைப் பகுதியில், தங்கிவிட்ட குடும்பம். மகள் லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தாள். யமுனையிலும் அதில் வந்து விழும் நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாய்களிலும் என்னென்ன நத்தைகள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு டெல்லிச் சாக்கடைகளில் சந்தோஷமாக இறங்குகிற பெண்ணை ஜுக்கியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு மழைக்கால மதியம் ஆராயி எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள். அவள் வேலை செய்யும் ருக்மிணி மாமி வீட்டுப் பின்பக்கம் அல்லி வளர்க்கும் சிமெண்டுத் தொட்டி இருந்தது. இலையெல்லாம் பொத்தல் பொத்தலாகப் போய், அடியில் வழவழவென்று முட்டை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமி, தொட்டியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிடச் சொல்லியிருந்தார். கவிழ்க்கப் போன ஆராயி நின்றுவிட்டாள். உள்ளே நத்தைகள் தண்ணீரின் மேல்பரப்பைக் கீழிருந்து பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தன.

"இது எல்லா நாலாவுலயும் கெடக்கும்மா" என்றாள் உமா, டப்பாவைச் சரியாகப் பார்க்காமலேயே. "இடம்புரி நத்தை. வெளிநாட்டுலேர்ந்து எப்பவோ வந்தது."

"கெடக்கட்டும். தலகீழா நடக்குதுடி. அதப் பாரு மொதல்ல."

உமா பார்த்தாள். அந்த வகை நத்தைகள் அப்படித்தான் நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் லென்ஸை எடுத்து அருகில் வைத்ததும் டப்பாவை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். இடம்புரி நத்தைகளின் உடம்பிலிருந்து விரல் போன்ற சிறு நீட்சிகள் வெளியே வந்து ஓட்டின் விளிம்பை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இதில் அந்த விரல்கள் ஓட்டின் முக்கால்வாசியை மூடியிருந்தன. ஒவ்வொரு விரலும் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. விரல் முழுக்கப் பொன்னிறப் புள்ளிகள். அவள் அதுவரை எடுத்துப் பார்த்த ஆயிரக்கணக்கான நத்தைகளில் இப்படி ஒன்று இல்லை.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி மெட்ரோவில் போனாள். ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் ஜ்யோத்ஸ்னா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் அதிகாரி வீட்டுப் பெண்; தமிழ் எழுதப் படிக்க வராது, பேச்சில் பாதி ஹிந்தி. நிமிர்ந்தபோது அவர் முகம் உற்சாகத்தில் சிவந்திருந்தது. ஆனால் சொன்னது வேறு.

"உமா, ஜல்தி வேண்டாம், அவசரப்படாதே. புதுசுன்னு சொல்றதுக்கு முன்னாடி, பழசு இல்லைன்னு ப்ரூவ் பண்ணணும். அதுதான் முஷ்கில், ரொம்பக் கஷ்டம்."

வேலை தொடங்கியது. தண்ணீரில் மென்தால் கட்டியைப் போட்டால் நத்தை உடம்பை நீட்டியபடியே மயங்கிவிடும். பிறகுதான் சாராயத்தில் பாடம் பண்ண வேண்டும். அந்த வாரம் முழுக்க உமா மேல் தைல வாடை அடித்தது. ஊசி முனையால் நத்தையைப் பிரித்து உள்ளுறுப்புகளை வரைந்தாள். ஆணுறுப்பின் உறை, தெரிந்த எந்த இனத்தைப் போலவும் இல்லை. ஒரு துணுக்குச் சதையிலிருந்து மரபணுவை எடுத்து, உலகத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பெயருள்ள எதனோடும் அது ஒட்டவில்லை. ஆனால் ஒரே ஒரு பதிவோடு அச்சாகப் பொருந்தியது. ஜெர்மனியில் ஒரு கண்ணாடிச் செடிக்கூடத்தில் யாரோ பிடித்து, 'இனம் தெரியவில்லை' என்று குறித்துவிட்டுப் போன நத்தை.

உமா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அங்கேயும் அது வந்தேறி, இங்கேயும் வந்தேறி. சொந்த ஊர் எதுவென்று யாருக்கும் தெரியாமலேயே, பெயர்கூட இல்லாமல், அல்லிக் கிழங்கோடும் மீன்தொட்டிச் செடியோடும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ருக்மிணி மாமி அல்லி வாங்கிய நர்சரிக்குப் போனாள். அங்கே தொட்டிக்குத் தொட்டி அதே பொன்புள்ளி. பூங்காக் குளம் ஒன்றில் இலையைத் திருப்பினாள், இருந்தது. நாலா ஒன்றில் வலையை விட்டாள், அங்கேயும். பழைய நத்தைகள் குறைந்து இது மட்டும் பெருகியிருந்த இடங்களைச் சிவப்பு மையில் குறித்துவைத்தாள். அடுத்த இடத்துக்குப் போகக் கால் பரபரத்ததும் உண்மை. பயமும் குதூகலமும் கலந்த அந்த மாதங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆராயி குறைபட்டுக்கொண்டாள்.

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தபோது இடி விழுந்தது. தென் அமெரிக்கா போய்வந்த ஒரு ஐரோப்பியர் நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் எழுதிய குறிப்பு ஒன்று ஜ்யோத்ஸ்னா கண்ணில் பட்டது. அதிலிருந்த ஓட்டின் படம் இவர்கள் நத்தையை அப்படியே உரித்துவைத்தது போலிருந்தது. அதுவும் இதுவும் ஒரே இனமானால் புதுப் பெயர் வைக்கும் உரிமை இவர்களுக்கு இல்லை. பழைய பெயர்தான் நிற்கும். அந்த ஓடு இன்னும் ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் இருந்தது. நுண்ணோக்கிப் படம் எடுத்து அனுப்பும்படி எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். உமா தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துச் சலித்தாள்.

படங்கள் வந்த அன்று இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய ஓட்டின் மேல் மெல்லிய கோடுகள், கிராமபோன் தட்டில் இருப்பதுபோல் சுற்றிச் சுற்றி ஓடின. உமா தங்கள் ஓட்டின் படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. குஞ்சு ஓட்டைப் பார்த்தாள், முதிர்ந்ததைப் பார்த்தாள், நாலாவில் பிடித்ததன் ஓட்டையும் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு கோடு இல்லை.

"வேற, மேடம்" என்றாள்.

ஜ்யோத்ஸ்னா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

இனி பெயர். அந்த விரல்களை வைத்து 'விரல்' என்று தமிழிலேயே வைக்கலாம் என்றாள் உமா. ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தபோது உலகம் அதை 'வைரல்' என்று படிக்கும் என்பது புரிந்தது. அவள் மனசில் உண்மையில் இருந்தது வேறொரு பெயர்: ஆராயி. முதலில் கண்டது அவள்தானே. தவிர, ஆராய்ச்சியில் அகப்பட்டதற்கு ஆராயி என்பதைவிடப் பொருத்தமாக என்ன கிடைத்துவிடும்? ஜ்யோத்ஸ்னா தயங்கினார். இது குளங்களைப் பாழாக்கும் பிராணி. நாளைக்குச் செய்தித்தாளில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்றார்.

ஆராயி வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது குளத்தக் கெடுக்குதுன்ற. ஆராயி வந்துட்டா, ஆராயியக் கொல்லுன்னு நாளைக்கு ஊரே சொல்லும். அதெல்லாம் வாணாம்."

"அப்ப உன் பேரே வராதாம்மா?"

"பேரு வாணாம்னு சொன்னனா? நத்தைக்கு வாணாம்ன்னேன். நாந்தான் புடிச்சேன்னு எழுது. அது நெசம்தான?"

அதற்குக் கட்டுரையில் முறைப்படியே இடம் இருந்தது. புதிய இனத்தின் முதல் மாதிரி எங்கே கிடைத்தது, பிடித்தவர் யார் என்று எழுதியே ஆக வேண்டும். நத்தைக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்தார்கள். முதல் மாதிரி: மோதி பாக், வீட்டு அல்லித் தொட்டி, பிடித்தவர்: ஆராயி. தன் வீட்டு எண்ணையும் போட வேண்டுமா என்று ருக்மிணி மாமி பலமுறை கேட்டார். பெருமையா சங்கடமா என்று அவருக்கே தெரியவில்லை. கொதிக்கும் வெந்நீரை ஊற்றி அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்தது உமாதான்.

கட்டுரை வெளியான அன்று மாமி செல்போனில் ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கி ஆராயிக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினார். ஆராயி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அன்று மற்ற வீடுகளுக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். போன வீட்டிலெல்லாம் காரணத்தையும் சொன்னாள்.

நர்சரிக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடந்தது. வாங்கிய செடியைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று உமா ஹிந்தியில் விளக்கினாள். சிலர் கேட்டார்கள், சிலர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். உமாவின் வேலை ஒப்பந்தம் மேலும் நீட்டிக்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து, காலை மெட்ரோவில் நின்றபடி உமா மின்னஞ்சலைத் திறந்தாள். பராகுவேயிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். கட்டுரையைப் படித்தாளாம், தன் ஊர் ஓடையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். கல்லின் மேல் பொன்புள்ளி போட்ட, நுனி பிளந்த விரல்கள். சொந்த ஊர் அதுவாக இருக்கலாம். மரபணு பார்க்காமல் சொல்ல முடியாது. உமா படத்தை விரலால் பெரிதாக்கினாள். நத்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அட்டைப்பூச்சி, அதன் முட்டைக் குவியலைத் தின்றுகொண்டிருந்தது.

இங்கே எந்தக் குளத்திலும் அதைத் தின்ன எதையும் அவள் பார்த்ததில்லை. அங்கே அதை அடக்கிவைக்க ஒன்று இருக்கிறது.

மாதிரி அனுப்ப முடியுமா, அட்டையையும் சேர்த்து என்று பதில் எழுதத் தொடங்கினாள். படத்தை ஜ்யோத்ஸ்னாவுக்கும் தட்டிவிட்டாள். ஹவுஸ் காஸில் இறங்கி வண்டி மாற வேண்டியவள் தலை நிமிர்ந்தபோது, ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டி சிராக் டெல்லியை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.