பழைய எஞ்சினுக்குச் சாமான்

கல்முனையில் அச்சிமுகம்மது எஞ்சின் சாமான் கடை வைத்திருந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பான் எஞ்சின்கள் ஊருக்குள் வந்து குவிந்தன. அதற்கு முன் அவர் விற்ற இங்கிலீசு எஞ்சினைச் செய்த கம்பனியே கைவிட்டுவிட்டது. அதற்கான டீசல் பம்புகளும் றிங்குகளும் மட்டும் கடையின் பின்சுவர்த் தட்டுகளை அடைத்துக்கொண்டு கிடந்தன.

"இது கடையா, மையவாடியா மச்சான்? செத்து மௌத்தான எஞ்சினுக்கெல்லாம் இடம் வெச்சிரிக்கீங்க," என்பான் கடையில் பங்குள்ள அபூசாலி.

"வித்தவன் நான்தானே. ஓடுற வரைக்கும் சாமான் குடுக்கணும்."

"ஓடுதா இல்லையா எண்டு எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் தேடி அவர் பல நாள் யோசித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மாரி நெல் வெள்ளாமை விதைத்து வெட்டி முடிவதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால், அந்த எஞ்சின் எங்கும் ஓடவில்லை என்று கொண்டு சாமானை இரும்புக்குப் போட்டுவிடலாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார்.

மருதமுனையில் அந்த எஞ்சினாலேயே மா அரைக்கும் மில் வைத்திருந்த மீராசாஹிபு கேட்டுச் சிரித்தார். "நான் ஒராள் இரிக்கிற வரைக்கும் உங்கட சாமானுக்குப் பயமில்ல."

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது மீராசாஹிபு மௌத்தானார். மையவாடிக்குச் சந்தூக்கைச் சுமந்தவர்களில் அச்சிமுகம்மதும் ஒருவர். மில்லும் அவரோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

வெட்டு முடிந்தது. ஒருவரும் வரவில்லை. பழைய இரும்பு லொறி வந்த அன்று தட்டுகளைக் காலியாக்கினார்.

கொஞ்ச நாள் கழித்து, மீராசாஹிபுவின் மனைவி சுல்பிகா மூத்த மகளோடு கடைக்கு வந்தாள். சீலைத் துண்டில் சுற்றிய தேய்ந்த பம்பை மேசையில் வைத்தாள்.

"இதுக்குப் புதுசு ஒண்டு தாங்க காக்கா. மில்ல நான் தொறக்கப் போறன். ரெண்டு பொம்புளப் புள்ளயள் இரிக்கி."

"ஏன் புள்ள, முந்தியே ஆளனுப்பல்ல?"

"இத்தாவில இருந்தன். நேத்துத்தான் முடிஞ்சிச்சு. காக்காட கடையில எப்பவும் கிடக்கும் எண்டு அவர் சொல்லுவார். அவசரமில்ல எண்டு இருந்துட்டன்."

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். அவருடைய கூடப்பிறந்த ராத்தாவும் அப்படி இருந்தவள்தான். தவணை வைத்தபோது மட்டும் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் கடை கடையாகத் தேடினார். ஜப்பான் பம்பைப் பூட்டிப் பார்த்தார். பொருந்தவில்லை.

"புது எஞ்சினே கொண்டுவந்து பூட்டித்தாறன். காச மெதுவாப் பாப்பம்."

"வேணாம் காக்கா. கடனில்லாம அடக்கின மனுசன். நான் கூலிக்குத் தறி நெய்யப் போறன்."

எஞ்சினையும் இரும்புக்கே கொடுக்க முடிவானது. கழற்றித் தரும்படி அவரையே கேட்டாள். மீராசாஹிபு துடைத்து வைத்திருந்ததில் ஒரு நட்டில்கூடத் துருவில்லை. எல்லாம் இலேசாகக் கழன்று வந்தன.

வாசலில் நின்ற சுல்பிகா கேட்டாள். "பம்பு மட்டுந்தானே காக்கா பழுது?"

"ஓம் புள்ள," என்றார், தலை நிமிராமல். "பம்பு மட்டுந்தான்."