என் பெயருக்கு வைத்த இலை

முருகனை நம்பி இந்தத் தீவில் பிழைக்கும் உறவுகளே, நான் செத்துப்போய்விட்டேன் என்று நானே நம்பிய நாள் ஒன்று உண்டு. அதைத்தான் எழுதுகிறேன். கதை என்று நினைக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் ஏறியவன். இன்று குட்வில் எஸ்டேட்டில் மாடி வீடு, வாசலில் லாரி. யாரும் கைதூக்கி விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மெயின்லேண்டிலிருந்து பட்டாளத்துக் குடும்பங்களைத் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் குடியேற்றினார்களே, அப்போது காட்டை வெட்டி ரோடு போட ஆள் கொண்டுவந்த கான்டிராக்டர் நான்தான். அவர்கள் முதலில் கால் வைத்து நடந்தது என் ரோட்டில்.

அந்த ரோட்டில்தான் நான் விழுந்தும் கிடந்தேன்.

பட்டாளத்துக்காரர்களின் ரம் எனக்குத் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. முதலில் உடம்பு வலிக்குக் குடித்தேன். பிறகு தூங்குவதற்கு. பிறகு எழுந்திருப்பதற்கு. என் மனைவி சரஸ்வதி அழுதாள், சண்டை போட்டாள், பாட்டிலை உடைத்தாள். கடைசியில் பேச்சையே விட்டுவிட்டாள். நான் வாசலில் நின்று ஏசாத வீடு கிடையாது. என்னைக் கண்டால் எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஐப்பசி மழை நேரம். மதியமே நல்ல போதை. கப்பலில் சாமான் வந்ததா என்று பார்க்க ஜெட்டிப் பாலத்துக்குப் போனவன் வழுக்கிக் கடலில் விழுந்தேன். வாய்க்குள் தண்ணீர் போனது தெரியும். மேலே இருந்த வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு தட்டளவு ஆனது தெரியும். அதற்குமேல் தெரியாது.

கண் விழித்தபோது சாயங்காலம். அலை என்னை மணலில் கொண்டுவந்து போட்டிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. உடம்பில் வலியே இல்லை. எனக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான்.

வீட்டுக்கு நடந்தேன். எதிரே வந்த ஒரு பட்டாளத்துச் சர்தார்ஜியின் மனைவி, நான் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோலப் பார்த்துக்கொண்டு போனாள். என் கூலியாட்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்தாமல் என்னைத் தாண்டிப் போனார்கள். கீழே பார்த்தேன். எனக்கு நிழல் இல்லை. வானம் மூடிக் கிடந்ததால் யாருக்குமே நிழல் இல்லை என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே ஊளையிட்டது.

வீட்டுக்குப் பின்னால் சரஸ்வதி வாழை இலை போட்டு, சோறும் பருப்பும் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டாள். பிறகு காட்டைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

செத்தவர்களுக்கு அல்லவா அப்படி வைப்போம்? அதுவும் அந்தக் காலத்துக் கேம்பல் பேயில் நான் ஒரு காக்கையைக்கூடக் கண்டதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டாள்.

"யாருக்குப் புள்ள இது?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. இலையைப் பார்த்தே பேசினாள். "வயிறாரச் சாப்பிட்டுப் போங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க."

எழுந்தாள். என் பக்கத்திலேயே நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறென்ன செய்வது? உட்கார்ந்து அந்த இலையில் சாப்பிட்டேன். நாக்கில் உப்பு உறைக்கவில்லை. செத்தவனுக்கு எப்படி உறைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அங்கே நமக்குக் கோயில் இல்லை. ரோட்டோரத்து மரத்தடியில் ஓர் இரும்புக் கம்பியை வேலாக அடித்து நட்டு வைத்திருந்தோம். அடித்தவனும் நான்தான். அங்கே போய் விழுந்தேன். "முருகா, செத்துட்டேன்னா என்னைக் கூட்டிட்டுப் போ. உசுரோட இருந்தா, ஒரே ஒரு வாய் எனக்குப் பதில் சொல்லட்டும். ஒரே ஒரு வாய்."

பின்னால் ஒரு குரல் கேட்டது. "அரே, இன்னொரு சப்பல் எங்கே?"

புதிதாக வந்திருந்த வங்காளி டாக்டரம்மா குடையோடு நின்று என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு முக்கால்வாசி ஹிந்தி; அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

"டாக்டரம்மா, நான் ஜிந்தா இருக்கேனா, உசுரோட இருக்கேனா?" என்று காலைப் பிடித்தேன்.

"செத்தவன் மேலே இவ்வளவு ரம் வாடை அடிக்காது. எழுந்திரு. சலோ ஹஸ்பத்திரி."

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் குடி கிடையாது. சுவரெல்லாம் பெரிய பெரிய நண்டுகள் ஏறின. ஒவ்வொன்றும் என் முகத்தோடு இருந்தது. அது தெளியும்வரை டாக்டரம்மா என்னைப் படுக்கையை விட்டு இறக்கவில்லை. பிறகு சரஸ்வதிக்கு ஆள் அனுப்பினார். எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிர் ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"குடிச்சது இந்தாளு. எனக்கெதுக்கு வைத்தியம்?" என்றாள் சரஸ்வதி.

"குடி இவன் வயித்துல மட்டும் இல்ல, உங்க வீட்டுலயும் இருக்கு. மருந்து ரெண்டு பேருக்கும்தான்," என்றார் டாக்டரம்மா. "பின்னாடி இலை போடுறியாமே, ஏன்?"

சரஸ்வதி தரையைப் பார்த்துச் சொன்னாள். "உசுரோட இருக்கிற ஆளா நினைச்சா வெறுப்புதான் வருது. செத்தவரா நினைச்சாத்தான் சோறாக்கக் கை வருது."

நான் கடலில் விழுந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அன்று காலையிலேயே அந்த முடிவுக்கு வந்துவிட்டாளாம்.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இதுதான். தினமும் காலையில் நான் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவள் "கேட்டுக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். நேற்றைய பேச்சு கூடாது. நாளையைப் பற்றியும் கூடாது. அதற்குப் பிறகு அன்று முழுக்கக் குடியைப் பற்றி அவள் குத்திக்காட்டக் கூடாது. நான் வீறாப்புப் பேசக் கூடாது. வாராவாரம் இருவரும் சேர்ந்து போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். ஒரு மாத்திரையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. ஆனால் அது கப்பலில் வர வேண்டும்.

மறுநாள் காலையில் சொன்னேன். ஆயிரம் ஆளை அதட்டி வேலை வாங்கிய வாய், அந்த ஒரு வார்த்தைக்குத் தந்தியடித்தது. அவள் பதில் சொல்லவில்லை. பின்பக்கம் போய் இலை போட்டாள்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் சொல்வேன், அவள் இலை போடுவாள், காட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள். எனக்கு வீட்டுக்குள் அலுமினியத் தட்டில் சோறு. டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். "பதில் சொல்லவே மாட்டேங்கிறா அம்மா."

"நீ எத்தனை வருஷம் அவளுக்குப் பதில் சொல்லல? சொல்லிட்டே இரு."

ஒன்று கவனித்தேன். தினமும் சாயங்காலம் அந்த இலை கழுவியதுபோலச் சுத்தமாக இருக்கும். நாய் தின்றால் இலை கிழியும், பன்றி வந்தால் மண் கிளறியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. மனிதன் சாப்பிட்டு முடித்ததுபோல இலை மடித்துக் கிடக்கும். சரஸ்வதி நான் சாப்பிடுகிறேன் என்று நினைத்தாள். நான் அவள்தான் எடுத்துவிடுகிறாள் என்று நினைத்தேன். பேச்சு இல்லாத வீட்டில் யார் யாரைக் கேட்பது?

மழை விட்டது. கப்பல் வந்தது. மாத்திரையைச் சரஸ்வதி கையில்தான் கொடுத்தார் டாக்டரம்மா. மறுநாள் காலை அவள் எதிரே நின்று, "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இலையைப் பார்த்த கண் அல்ல, என் முகத்தைப் பார்த்த கண்.

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். "வாயைத் தொறங்க."

மாத்திரையைப் போட்டாள். அவள் கண்ணைத் துடைத்த விரல் அது; நாக்கில் உப்பு உறைத்தது. முருகனிடம் நான் கேட்ட வாய் அதுதான் என்று அப்போது புரிந்தது. அன்று அவள் இலையை வீட்டுக்குள் போட்டு என்னை உட்காரவைத்தாள்.

"பின்னாடி போட்டதை நெசமா நீங்க சாப்பிடலையா?" என்று பரிமாறும்போது கேட்டாள்.

"முதல் நாள் மட்டும்தான் புள்ள."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. இருவரும் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். வழக்கமாக இலை போடும் இடத்தில் என் இன்னொரு செருப்பு இருந்தது. மழை விட்டு நாளாகியிருந்தது. செருப்பிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் சேர்ந்துபோய் அதை ஜெட்டியிலிருந்து கடலில் விட்டோம். அது மூழ்கவில்லை. கரையைப் பார்த்தபடி வெகுநேரம் மிதந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "கடல்ல செத்த அந்தக் குடிகாரன் பசியோட வெளியேதான் இருப்பான். காலையில சொல்றதை நிறுத்தாதீங்க," என்றார்.

அதற்குப் பிறகு சம்பாதித்ததுதான் நீங்கள் பார்க்கும் வீடும் லாரியும். அடுத்து நான் போட்ட ரோடுகளைப் பற்றிச் சொன்னால் பொழுது போதாது. ஆனால் குடியை நான் தனியாக விட்டேன் என்று சொன்னால் முருகன் பொறுக்க மாட்டான். உங்கள் வீட்டில் யாராவது குடித்தால் அவரை மட்டும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கணவனும் மனைவியுமாகப் போங்கள். எதிரெதிரே உட்காருங்கள். முருகனிடம் கேளுங்கள். அவன் பதிலை யார் வாயில் வைத்திருக்கிறான் என்று தெரியும்வரை, எழுந்து போய்விடாதீர்கள்.

மழை பெய்யும் நாளில் இன்றும் நான் வாசலில் நனைந்த ஒற்றைச் செருப்பு கிடக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். சரஸ்வதி பின்னால் நிற்பாள். இன்று காலையும் மழை. நான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.