பத்தாம் எண் சலீம்

திருகோணமலைத் துறைமுக வீதியில், மழைக்கு ஒதுங்கிய போன் திருத்தும் கடையில் நிற்கிறேன். கடைக்காரர் சலீம், கிண்ணியாக்காரர், கணினியில் மிகப் பழைய காற்பந்து விளையாட்டொன்றை ஆடிக்கொண்டிருக்கிறார். வர்ணனை மட்டும் அரபியில் வருகிறது. ரசிகர்கள் யாரோ செய்து இணையத்தில் போட்டதாம். மூன்று கோல் வாங்கியும், பத்தாம் எண் வீரனுக்கே பந்தைக் கொடுக்கிறார்.

"ஏன் சலீம் நானா, அவருக்கே குடுக்கிறீங்க?"

"அவருக்கு என்ட பேரை வெச்சிருக்கன். கட்டார்ல பதினொரு வருஷம் வாகனம் ஓடினனான். அங்க எல்லாரும் 'டிரைவர்' எண்டுதான் கூப்பிட்டாங்க."

பந்து மறுபடி பத்தாம் எண்ணிடம் போகிறது.

"சலீம்! சலீம்!" என்று அரபு வர்ணனையாளர் உற்சாகமாகக் கத்துகிறார்.

அடுத்த நிமிடமே எதிரணியின் நாலாவது கோலும் விழுகிறது. சலீம் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்.