ஜேசிபிக்கு இட்ட சந்தனம்

தேஹு ரோடு கடைத்தெருவைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. அரிசி மண்டி இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். தையற்கடை இருந்த இடத்தில் கேக் கடை. அதன் சுவரில் ஒரு ஜோடி இறக்கை வரைந்து, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேற்குப் பார்த்த கட்டடத்துக்கு முகம் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, உள்ளே வெந்து சாகாமலிருக்க ஏசி. அந்தத் தண்ணீர் சொட்டுவது தெருவில் போகிறவர்கள் தலையில். இதற்குப் பெயர் டெவலப்மென்ட்டாம். த்தூ!

இந்த லட்சணத்துக்கு நடுவே என் அண்ணனின் மளிகைக்கடை மட்டும் தகரக் கூரையோடு மிச்சமிருந்தது. இங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் அப்பளத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் அங்கேதான் வரும். இடம் வாடகை, சொந்தக்காரர் பில்டரிடம் கொடுத்துவிட்டார். "தீவாலி தக் சலாவோ, அண்ணா" என்று பில்டர் போகிற போக்கில், தீபாவளி வரை கடையை நடத்திக்கொள் எனச் சொன்னதை அண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தீபாவளி வரை கடை நின்றால் போதும், அந்த வியாபாரத்தில்தான் அவர் வருஷத்தையே ஓட்டுவார்.

"எழுதி வாங்குங்கண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பெரிய மனுஷன் சொல்லியிருக்காரும்மா."

பெரிய மனுஷனாம்! விரலுக்கு விரல் மோதிரம் போட்டால் பெரிய மனுஷன்.

ஆயுத பூஜை அன்று காலை, தராசைச் சாமி படத்துக்கு முன் வைத்துச் சந்தனம் இட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஜேசிபி வந்து நின்றது. பில்டரின் ஆள் இறங்கி, சாமானை எடு, அரை மணி நேரம் தருகிறேன் என்றான். நான் கத்த ஆரம்பித்தேன். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சந்தனக் கிண்ணத்தோடு போய் அந்த இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஓட்டுநருக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தார். பூஜை போட்ட கருவியை அன்றைக்கு யாரும் ஓட்ட மாட்டார்கள், அதற்குள் பில்டரைப் பிடித்துப் பேசிவிடலாம் என்று அவர் எண்ணம்.

ஓட்டுநர் சுண்டலை ருசித்துத் தின்றான். "ஹமாரா தோ கல் ஹை, சேட்" என்றான். இந்த ஊர் மராட்டிக்காரர்கள் கருவிகளைக் கும்பிடுவது மறுநாள், தசராவுக்கு. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டிய அண்ணனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். நம் பொட்டை வைத்துவிட்டால் நம் வழக்கம் செல்லும் என்று நம்பினார், அசடு.

பக்கத்துக் கடைக்காரர்களும் நானும் மூட்டைகளைத் தெருவுக்கு இழுத்தோம். தராசை எடுக்கப் போனேன். "பூஜையில வெச்சத இன்னிக்கு அசைக்கக் கூடாது" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கத் தகரம் பிய்ந்து விழுந்தது. சீ, விடுங்க என்று உதறிவிட்டு உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். புடவையெல்லாம் சந்தனம். பின்னாலேயே சுவர் விழுந்தது.

பில்டரின் ஆள் அங்கேயே நின்றிருந்தான். அவனை அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு எப்பவுமே அவசரம்மா. தராச நாளைக்குக் காலைல எடுத்திருக்கலாம்ல?"