ஒரகடத்தில் தங்கைக்கு ஒரு நாற்காலி

ஒரகடத்தை யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. இந்த வலைப்பதிவில் இதுவரை செஞ்சிக் கோட்டை, வேடந்தாங்கல் என்று ஒரு நாளில் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் அம்மா, அப்பா, அக்காக்களுக்கு யாரும் வழி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இது.

நான் போனது காலாண்டு விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை. என் தங்கை தீபா அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பண்டிகைக்கு அவள்தான் ஊருக்கு வருவாளே தவிர, எங்கள் வீட்டிலிருந்து யாரும் அங்கே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் அன்றைக்கு ஓ.டி. இருக்கும். விடுதிக்குள் வார நாளில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிஃப்ட். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒன்று ஐம்பதுக்குக் கம்பெனி பஸ்.

"ஒண்ணே காலுக்கெல்லாம் வந்துடுவேன்க்கா. மேம்பாலத்துக்கிட்ட செல்ஃப் சர்வீஸ் ஹோட்டல் ஒண்ணு இருக்கு. நீ முன்னாடியே போய் ரெண்டு சீட் மட்டும் பிடிச்சு வை. சேர்ந்து சாப்பிடலாம்," என்றாள் ஃபோனில்.

எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான். ஒரு நாற்காலியைப் பிடித்து வைப்பது. முன்பின் தெரியாதவர்களிடம் நேரம் கேட்கக்கூடத் தயங்குகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

செய்யாறிலிருந்து காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர். எட்டரை மணிக்கு ஏறினேன், பத்து மணிக்குள் இறங்கிவிட்டேன். காஞ்சிபுரத்தில் தாம்பரம் போகும் பேருந்தில் ஏற வேண்டும். வாலாஜாபாத் வழி, ஒரகடத்தில் நிற்கும். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது, வெயில் குறைவு. வாலாஜாபாத் தாண்டியதும் கல் லாரிகளுக்கு நடுவில் பேருந்து ஊர்ந்துதான் போகும். அதன் பிறகு ஏரி, வயல், மதில், மறுபடி வயல், மறுபடி மதில். மதில்கள் வயல்களைவிட நீளமாகிவிட்ட இடத்தில் நடத்துனர் "ஒரகடம் கூட்டுரோடு" என்று கத்துவார். நான் இறங்கியபோது பதினொன்றே முக்கால்.

ஹோட்டலைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. மேம்பாலத்தை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், தகரக் கூரை போட்டு முன்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கல்லாவில் டோக்கன், கவுன்டரில் தட்டு, அள்ளிக்கொண்டு போய் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியது. அளவுச் சாப்பாடு எண்பது ரூபாய். ஆம்லெட் தனி. வெளியே தயங்கி நின்றுவிட்டுப் பன்னிரண்டரைக்கு நான் உள்ளே போனபோது பாதி நாற்காலிகள் காலி. இவ்வளவுதானா என்று நிம்மதியாக, சுவரோரம் இரண்டு பேர் உட்காரும் மேசையில் ஒரு நாற்காலியில் என் பையை வைத்துவிட்டு மற்றதில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் அந்த இடம் வேறு இடமாகிவிட்டது. வேன், ஷேர் ஆட்டோ, பைக் என்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாம்பல் சட்டை, நீலச் சட்டை, கரும்பச்சைக் கோட்டு. மேசை துடைக்கும் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாமா இது, பையி? ஒன்னுதா?"

"ஆமாங்க. தங்கச்சி வர்றா."

"பையி சாப்புடுமா? தட்டு இல்லாம இங்க குந்தக் கூடாது. வாங்கிகினு வா, போ."

பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை, ஈரத்துணியை எடுத்து வைப்பதுபோல வைத்தார். பக்கத்து மேசையருகே நின்றுகொண்டிருந்த இரண்டு பையன்களில் ஒருவன், "பையிக்கும் ஒரு டோக்கன் போட்டுருங்கக்கா, முடிஞ்சுது," என்றான். மற்றவன் சிரித்தான். நான் எழுந்த சூடு ஆறுவதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கையில் தட்டு இருந்தது.

டோக்கன் வரிசையில் நின்றபடி கவனித்தேன். கைக்குட்டை, ஹெல்மெட், பை எதுவும் அங்கே செல்லாது. செல்லுவது ஒன்றே ஒன்றுதான், கம்பெனி அடையாள அட்டை. கழுத்திலிருந்து கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டால் அந்த நாற்காலியை யாரும் தொடுவதில்லை. தட்டு ஏந்திக்கொண்டு நிற்கிறவர்கள்கூட அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அட்டைகளில் எல்லோரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வரிசையில், முகம் நாற்காலியில்.

அப்போது வெளியே நீளமாக ஒரு ஹாரன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவர் அந்த நிமிடம்தான் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. தட்டை மேசையில் நேராக வைத்து, அப்பளத்தை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அட்டையை உருவிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் வேறொருவர் அந்தத் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நண்பராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அட்டை கிடையாது. தட்டுக்கு மரியாதை இருக்கிறது என்றால் இரண்டு தட்டாக வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கவுன்டரில் இருந்தவர், "ரெண்டு கைலயும் எடுத்துகினு போறியா? கொட்டிட்டு வந்து அழுவாத, இதோட சோறு முடிஞ்சிது," என்றார். கொட்டவில்லை. தூணுக்குப் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு நாற்காலி காலியானது. ஒரு தட்டு எனக்கு, ஒன்று எதிரே. சாம்பார்க் கிண்ணம், ரசக் கிண்ணமெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். மணி ஒன்று பத்து. கவுன்டரில் 'சாப்பாடு இல்லை' பலகையை மாட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும், ஒல்லி, பச்சை அட்டை. கையில் தட்டு இல்லை. எதிர் நாற்காலியின் முதுகைப் பார்த்தாள், குனிந்து நாற்காலியின் அடியில் பார்த்தாள், தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தாள். எதையோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னிடம் மெதுவாக, "ஆளு போயாச்சாக்கா?" என்றாள்.

எந்த ஆள் என்று எனக்கு விளங்கவில்லை. புரியாத கேள்விக்குச் சிரித்துத் தலையாட்டுவது என் பழக்கம், கல்லூரி மூன்று வருடத்தையும் அப்படித்தான் ஓட்டினேன். தலையாட்டினேன்.

அவள் உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வாழ்க்கையில் எனக்கு இப்படி நடந்ததில்லை. நான் காசு கொடுத்து வாங்கி, என் கண்ணுக்கு நேரே வைத்திருந்த தட்டு. அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். திருடுகிறவர்கள் இவ்வளவு அமைதியாகத் திருடுவார்களா? கம்பெனியில் அடுத்த சாப்பாடு இரவு ஏழரைக்குத்தான் என்று தீபா சொல்லியிருந்தாள். கவுன்டரில் பலகை தொங்கியது. எதிரே என் தங்கையின் சோறு பிடி பிடியாகக் குறைந்துகொண்டிருந்தது. ஃபோன் அதிர்ந்தது. 'வந்துட்டேன் கா.'

தீபா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். போன தீபாவளிக்குப் பார்த்ததைவிடக் கறுத்திருந்தாள். எதிரே இருந்தவளைப் பார்த்துவிட்டு, "யாருக்கா, உன் ஃபிரெண்டா?" என்றாள்.

"உன் தட்டு," என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது.

"யக்கா, ஆளு போயாச்சான்னு கேட்டேம்லா. நீங்க தலைய ஆட்டுனிய." எழுந்துவிட்டாள். சோறு ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். "அட்ட இருக்கான்னு பாத்துட்டுத்தான் உக்காந்தேன். சத்தியமா எடுத்துத் திங்கல."

பக்கத்து மேசைகள் திரும்பின. அந்தப் பையன்களில் ஒருவன், "இன்னா, இப்பத் தட்டையும் தூக்க ஆரமிச்சிட்டாங்களா?" என்றான். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன் தட்டப் பாருடா, ரசம் ஆறுது," என்றாள் தீபா அவனிடம். என் தங்கை ஓர் ஆண்பிள்ளையிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அந்தப் பெண்ணின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "உக்காரு. பேரென்ன?"

"முத்துமாரி. சங்கரன்கோயில் பக்கம்."

"வேலைல எத்தனாவது மாசம்?"

"மொத மாசம். சம்பளம் அடுத்த மாசம் பத்தாந்தேதிக்குத்தான் போடுவாவளாம்."

"பத்துன்னு சொல்லுவாங்க, பதினஞ்சு ஆக்குவாங்க. சாப்பிடு."

"உங்களுக்குக்கா?"

"எங்கக்கா தட்டு இருக்குல்ல. ஒரே வீட்டுச் சோறுதான்."

தீபா என் நாற்காலியிலேயே இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள். என் சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டாள். சின்ன வயதில் போடுவது போலத்தான், பெரிய பாதி அவளுக்கு. முத்துமாரி தன் தட்டிலிருந்த அப்பளத்தை இரண்டு விரலால் எங்கள் பக்கம் நகர்த்தினாள். "இதத் தொடலக்கா," என்றாள். தீபா அதை மூன்றாக உடைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டேதான் எனக்கு விளக்கினாள். தட்டு இருந்து, ஆளும் அட்டையும் இல்லையென்றால் அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார் என்று பொருள். அப்படி ஓடுகிறவர்கள் சோற்றில் கை படாமல் வைத்துவிட்டுப் போவார்கள். காத்திருக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்கக்கூடாது. விடுதியில் காலையும் இரவும் சாப்பாடு உண்டு. இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மதியம்தான் யார் கணக்கிலும் வராத வேளை.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்றேன்.

"மொத மூணு மாசம் நான் இங்கதான் நிப்பேன். இதே தூணு. இங்க நின்னா வெளிய பஸ் வர்றது தெரியும், எந்தத் தட்டு காலியாகும்னு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்."

அவள் ஒரு சாமர்த்தியத்தைச் சொல்வது போலச் சொன்னாள். என் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

"மூணு மாசமா?"

"மொத சம்பளம் லேட்டு. அடுத்தது உனக்கு ஃபைனல் இயர் ஃபீஸ் கட்டணும்ல. அப்புறம் சரியாயிடுச்சு. இப்பல்லாம் நான் ஆம்லெட்டே வாங்குவேன்."

"ஃபோன்ல கேட்டப்பல்லாம் சாப்பாடு சூப்பர்னு சொன்னியே."

"சூப்பராத்தான் இருந்துச்சு. காரக்குழம்பு நல்லா வெப்பாங்க இங்க. இல்ல முத்துமாரி?"

முத்துமாரி தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாள்.

ஒன்று ஐம்பதுக்குச் சரியாக ஹாரன் கேட்டது. தீபா என் தோளில் முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டு, கையைக் கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஓடினாள். நாங்கள் பேச வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தவை எதையும் பேசவில்லை. முத்துமாரி இரண்டு தட்டுகளையும் கிண்ணங்களையும் என்னைக் கேட்காமலே அடுக்கி எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். "போய்ட்டு வாரேங்க்கா," என்றாள். அவளுடைய பஸ் இரண்டு மணிக்கு.

திரும்பும் பேருந்தில் வாலாஜாபாத் வந்தபோது அம்மா கூப்பிட்டார். சின்னவள் எப்படி இருக்கிறாள், அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். "சூப்பரா இருக்கும்மா, காரக்குழம்பு நல்லா வெக்கிறாங்க," என்றேன். வாயில் வந்தது அதுதான். தீபா இரண்டு வருடமாக எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அப்போது தெரிந்தது. அது அவ்வளவு கஷ்டமான பொய் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காஞ்சிபுரத்தில் ஒன்பதரைக்குள் பேருந்து ஏறிவிடுங்கள், பிறகு லாரி கூட்டம் அதிகம். கூட்டுரோட்டில் கழிப்பறை தேடி அலைய வேண்டியிருக்கும், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அளவுச் சாப்பாடு ஒன்று பத்துக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. பையை வைத்து இடம் பிடிக்காதீர்கள். தட்டை வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஒருவேளை உங்கள் பேருந்து வந்துவிட்டால் சோற்றைக் கிளறாமல் வைத்துவிட்டுப் போங்கள். அப்பளத்தை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. யாராவது "ஆள் போயாச்சா" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தால், முதல் மாதத்திலேயே ஒருமுறை நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதிக தூரம் இல்லை. என் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நான் இரண்டு வருடம் கழித்துப் போனேன்.