வயிற்று வலி என்று சொன்னோம்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். "திவ்யா தாத்தாவா? கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க சார். பெஞ்சுல தலையை வெச்சுப் படுத்திருக்கா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. தொட்டா அழறா..."

திவ்யா என் பேத்தி. பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறாள். அவள் அம்மா மாலதி, அதாவது என் மருமகள், தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் நடுவில் போன் எடுக்க முடியாது. வீட்டில் சும்மா இருப்பவன் நான்தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் திவ்யா புத்தகப் பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, பாப்பா மூஞ்சி வாடிக் கீது? கேஸா இருக்கும். ஒரு கோலி சோடா வாங்கிக் குடு. ஏப்பம் வுட்டா எல்லாம் பூடும்."

"எனக்கு ஒண்ணும் வயிறு வலிக்கல!" என்று கத்தினாள் திவ்யா.

டிரைவர் பிரேக் போடாத குறை. "நான் வயிறுன்னு எங்கம்மா சொன்னேன்?"

யாரும் கேட்காத கேள்விக்கு எதற்கு இவ்வளவு அவசரமாகப் பதில்? எனக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொன்ன பழைய ஆள் நான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் ரவி இறந்தபோது இங்கே எழுதினேன் — தீராத வயிற்று வலி, இளம் வயதில் பறிகொடுத்துவிட்டேன் என்று. நீங்கள் எழுதிய கடிதங்கள் ஓர் அட்டைப் பெட்டி நிறைய இருக்கின்றன. நிறையப் பேர் வைத்தியமும் எழுதியிருந்தீர்கள். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், ஊற வைத்த வெந்தயம்... வீட்டில் மற்றவர்களுக்காவது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

அது பொய். ரவிக்கு வயிற்று வலி கிடையாது. அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

எப்படி என்று எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று மனநலத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. உங்களுக்கும் அது தேவையில்லை.

ஏன் வயிற்று வலி? அதைச் சொல்ல வேண்டும் என்றால் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் பர்சனல் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவன் நான். தொழிலாளி வீட்டில் இப்படி ஒரு சாவு என்றால் கம்பெனி ஜீப்பில் முதலில் போவது நான்தான். அழுதுகொண்டிருக்கும் அண்ணனையோ மாமனாரையோ தனியாக ஓரம் கட்டி, "ஸ்டேஷன்ல காரணம் கேட்டா தீராத வயித்து வலின்னு சொல்லிடுங்க" என்பேன்.

கெட்ட எண்ணம் இல்லை. கேஸ், கோர்ட் என்று அவர்கள் அலையக் கூடாது. பெண்டாட்டியை ஊர் குறை சொல்லக் கூடாது. தங்கை கல்யாணம் நின்றுவிடக் கூடாது. எல்லாருக்கும் தோதான பதில் அது. போலீஸுக்குத் தோது. கம்பெனிக்கு இன்னும் தோது. மறுநாள் பேப்பரில் அப்படியே வரும். 'நம்ம ஏரியாவுல மனுஷனுக்கு வயித்தைத் தவிர வேற எதுவும் வலிக்காது போல' என்று ஆபீஸில் ஜோக் அடித்திருக்கிறேன்.

ஆமாம்... ஜோக்.

ரவி குடும்பத்தோடு திருநின்றவூரில் இருந்தான். அவன் இறந்த அன்று அங்கே சப்-இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தீராத வயித்து வலி சார்" என்றேன், அவர் வாயைத் திறப்பதற்குள். பழக்க தோஷம்.

காரியம் முடிந்ததும் மாலதியையும் திவ்யாவையும் கும்மிடிப்பூண்டிக்கே கூட்டி வந்துவிட்டேன். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தையிடமும் அதே வயிற்று வலிதான்.

சில மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். நஸீமா என்று வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம். சோஷியல் ஒர்க் படித்துவிட்டு, சென்னையில் மனநல மருத்துவர்கள் செய்யும் ஓர் ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறாள். இப்படி ஒருவரை இழந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்பார்களாம். போனவர் கடைசி மாதங்களில் எப்படி இருந்தார், தூங்கினாரா, யாரிடமாவது ஏதாவது சொன்னாரா என்று. எந்த இடத்தில் ஒரு கை நீட்டியிருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம் என்று அதிலிருந்து பார்ப்பார்களாம். அடுத்த ஆளைக் காப்பாற்ற.

போலீஸ் பதிவிலிருந்து நம்பரை வாங்கி, போன் செய்து கேட்டுக்கொண்டுதான் வந்தாள். வரச் சொன்னது மாலதி. எனக்குத் தெரியாது.

"வயித்து வலிம்மா" என்றேன்.

"எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க சார்?"

டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஸ்கேன் எதுனா எடுத்தாங்களா?"

"இன்னாம்மா, விசாரணையா?" கோபம் வந்தால் என்னுடைய ஆபீஸ் தமிழ் காணாமல் போய்விடும்.

"ஐயோ, இல்ல சார். மன்னிச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பாப்பாகிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

"அதேதான். சின்னப் பொண்ணு. அதுகிட்ட போயி இதெல்லாம் பேசினா அந்த நெனப்பு அதுக்கும் வந்துடும்."

"எல்லா ஊட்லயும் அப்படித்தான் சார் பயப்படறாங்க. ஆனா பேசறதால அந்த நெனப்பு வராதுன்னுதான் ஆராய்ச்சி பண்றவங்க சொல்லிக்கினு இருக்காங்க. சொல்லாம வுட்டாதான், பசங்க அதுங்களா ஒரு கதை கட்டிக்கினு அதுக்குள்ளயே உக்காந்துடுதுங்க."

சமையலறை வாசலில் மாலதி நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள். "டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பும்மா" என்று நஸீமாவை அனுப்பிவிட்டேன். வாசலில் அவள் தன் போன் நம்பரை மாலதியிடம் கொடுத்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் மாலதி வந்து, திவ்யாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். "பெரிய மனுஷி ஆயிட்டா மாமா" என்றாள்.

எந்த வீட்டிலும் சிரித்துக்கொண்டே சொல்கிற சேதி. மாலதி முகத்தில் சிரிப்பு இல்லை.

"நடுங்கறா மாமா. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சா, நான் எப்போ சாவேன்னு கேக்கறா. கொஞ்ச மாசமாவே அப்பப்போ அடிவயிறு வலிச்சிருக்கு. மறைச்சிருக்கா. உங்களுக்கு வந்த லெட்டரெல்லாம் எடுத்துப் படிச்சு, சீரகத் தண்ணி போட்டுக் குடிச்சிருக்கா, நமக்குத் தெரியாம. இது எல்லாப் பொண்ணுக்கும் வர்ற வலிடின்னா நம்ப மாட்டேங்கறா. அப்பாவுக்கும் மொதல்ல சாதாரண வலிதானேம்மாங்கறா."

நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா?

"சடங்கு முடியட்டும் மாலதி. சொந்தக்காரங்க வர்ற நேரம். அப்புறம் பொறுமையா..."

"சடங்கு முடிஞ்சா பரீட்சைம்பீங்க. பரீட்சை முடிஞ்சா கல்யாணம் ஆவட்டும்பீங்க." அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "எத்தினி பேர் ஊட்ல போயி வாயை அடைச்சீங்க. கடைசில என் ஊட்லயும் அடைச்சீங்க. அவரு எதனால போனாருன்னு வாய் வுட்டு அழக்கூட எனக்கு முடியல மாமா. வயித்து வலிக்கு எவ்ளோ நாளு அழறது? இன்னிக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நஸீமாவுக்குப் போன் போட்டது மாலதிதான். பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் துரத்தி அனுப்பிய அந்தப் பெண், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"சுருக்கமா சொல்லுங்க சார். உடம்பு மாதிரி மனசுக்கும் நோய் வரும், அப்பாவுக்கு அது வந்துச்சு, வைத்தியம் பாத்திருந்தா உதவி கெடைச்சிருக்கும், அது நடக்காம போச்சுன்னு. எப்படின்னு வெவரமா வேணாம். கேட்டா பொய் மட்டும் சொல்லாதீங்க. அவ்ளோதான். சொல்லிட்டு நீங்க பேசறத நிறுத்திடுங்க. அவ பேசணும்."

வாராவாரம் ஒரு பக்கம் பேசியே பழகினவனுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது.

உள்ளே போனேன். திவ்யா சுவரோரமாகப் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"அப்பாவுக்கு வயித்து வலியே இல்லியா?"

"இல்லம்மா."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மாலதி தலையாட்டினாள்.

"அப்போ... பஜ்ஜி?"

"இன்னா பஜ்ஜி?"

"அதுக்கு முந்தின நாளு ஸ்கூல் வாசல்ல வாங்கினேன். அம்மா வாங்கக் கூடாதுன்னு சொல்லியும் வாங்கினேன். அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஒண்ணே ஒண்ணு துன்னுப்பான்னு வாயில வெச்சேன். சிரிச்சிக்கினே துன்னாரு." பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள், அழுகை வராமல் இருக்க. "அதனாலதானே வலி வந்துச்சு?"

மாலதி "ஐயோ, இல்லடி... இல்லடி கண்ணு" என்று அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு வருடம்! அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். டி.வி. பார்த்திருக்கிறாள். நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுது ஓய்ந்த பிறகு, அம்மா மடியிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"மனசு சரியில்லன்னு அப்பா யார்கிட்டயும் சொல்லலியா?"

மாலதி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அதை ஒரு தடவைகூட அவள் சொல்லிக் காட்டியதில்லை.

கேட்டால் பொய் மட்டும் சொல்லக் கூடாது.

"சொன்னான். என்கிட்ட சொன்னான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவி தனியாக வந்தான். தூக்கமே இல்லப்பா, எதுவும் புடிக்கல, ஏன்னு எனக்கே தெரியல, டாக்டர் யார்னா பாக்கலாமா என்றான். எந்த டாக்டர் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயந்தேன். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரிடமா? யாராவது பார்த்துவிட்டால்? வேலை? 'லீவு போட்டுட்டு திருத்தணி போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்' என்றேன். போய்விட்டு வந்தான். சரியாகிவிட்டது என்று போனில் சொன்னான். எனக்கு நம்ப வசதியாக இருந்தது. நம்பினேன்.

"நீ டாக்டர்கிட்ட கூட்டினு போகலியா தாத்தா?"

"இல்லம்மா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். வற்புறுத்துவதில்லை. அவளுக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ, எடுத்துக்கொள்ளட்டும்.

இதை நஸீமாவிடம் சொன்னபோது, "பூராத்தையும் உங்க ஒருத்தர் தலையில ஏத்திக்காதீங்க சார். இதுக்கெல்லாம் காரணம் ஒண்ணே ஒண்ணுன்னு இருக்காது" என்றாள். அவர்கள் ஆராய்ச்சி அப்படித்தான் சொல்கிறதாம். இருக்கலாம். நம்பப் பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நம்ப விட மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை மூன்று பேருமாக மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். பிளாட்பாரத்தில் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், குடும்பத்தோட எங்க?"

"மனநல டாக்டரைப் பாக்க."

"அடடா! யாருக்கு?"

"எங்க மூணு பேருக்கும்."

அவசரமாக ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். ஆனால் ரயில் வந்து நாங்கள் ஏறும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சார்... அந்த டாக்டர் அட்ரஸ் கொஞ்சம் சொல்லுங்களேன். என் தம்பி ஒருத்தன் ஊட்டை வுட்டே வெளிய வர மாட்டேங்கறான்" என்றார்.

சொன்னேன். "அட்ரஸ் மட்டும் குடுக்காதீங்க. கூடப் போங்க" என்றும் சொன்னேன். நான் செய்யாததை அடுத்தவருக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன்.

மாலதியும் திவ்யாவும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இதை அனுப்புகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என்னுடைய பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட அந்தத் தொழிலாளி வீடுகளிடமும் கேட்கிறேன். அவர்களில் சிலர் இந்தப் பத்திரிகை வாங்குவார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி 'வயிற்று வலியில்' போயிருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். பிறகு, யாரால் இப்படி ஆயிற்று என்று அவர்கள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அநேகமாக, தங்களால்தான் என்று.