அத்தை வெயிலில் வைத்த பேட்டரி

என் மகள் போன வாரம் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, சாம்பல் நிறம், மேலிருந்து கட்டைகள் விழும் அதே பழைய விளையாட்டு. பழசையே புதிதாகச் செய்து மறுபடியும் விற்கிறார்களாம். "இதுல பேட்டரியக் கழட்டுனாலும் ஸ்கோர் அழியாதும்மா" என்றாள் பெருமையாக. அழியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளகோவிலிலிருந்து போத்தனூருக்குக் கல்யாணமாகி வந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அத்தை கெட்டவர் இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான். நான் குழம்பு வைத்தால் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். திட்டுகிற மாமியார் என்றால் பதிலுக்கு முணுமுணுக்கவாவது செய்யலாம். வாயே திறக்காதவரை என்ன செய்வது? என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே நாள் ஓடியது.

பகலில் பொழுது போகவில்லை, ஒரு ரேடியோ வாங்கி வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டவுன்ஹால் பக்கம் நடைபாதைக் கடையில் இதே மாதிரி ஒரு வீடியோ கேமைப் பார்த்து மயங்கி, அதை வாங்கி வந்து நீட்டினார். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட தம்பிகள். விளையாடத் தக்கதாக இருந்தது கட்டை விழுவது ஒன்றுதான். "பேட்டரிய மட்டும் கழட்டாத, எடுத்த ஸ்கோர் அழிஞ்சிரும்" என்று என்னிடம் சொன்னார். அத்தையிடம் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அத்தை சமையலறை வாசலில் நின்று ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "இதென்ன கூத்து? செவுரு கட்டுனா நிக்கோணும். இது வரிசை சேந்தா காணாமப் போகுது!" என்றார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்த வாரம் காய் வாங்கிவிட்டு வந்து பெட்டியை ஆன் செய்தால், உயர்ந்த ஸ்கோர் நான் விட்டதைவிடக் கூடியிருந்தது. வீட்டுக்காரர் டியூட்டியில் இருந்தார். பெட்டியில் பெருங்காய வாசனை அடித்தது. உட்கார்ந்து ஆடி அதைத் தாண்டிவிட்டு, உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அத்தை என்னைத் தாண்டியிருந்தார். இப்படியே எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடியது, வாயால் ஒரு வார்த்தை இல்லாமல்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துப்போக அப்பா வந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் விடாப்பிடியாக உட்கார்ந்து முப்பத்தாறாயிரத்து இருநூறு எடுத்தேன். அத்தை அதன் கிட்டக்கூட வந்ததில்லை. அந்த வீட்டில் கரண்டியிலிருந்து கடுகு டப்பா வரை அத்தை வைத்த இடத்தில் இருந்தது. என்னுடையது என்று விட்டுப்போக எனக்கு அந்த எண்தான் இருந்தது. நான் இல்லாத மாதத்தில் அத்தை என்னைத் தேடுவாரா, அப்பாடா என்று இருப்பாரா? பஸ்ஸில் காங்கேயம் தாண்டும்வரை அதே நினைப்பு.

ஆடி நோம்பிக்கு விருந்துக்கு வந்த வீட்டுக்காரரிடம், "அத்தை என்னைக் கேட்டாங்களா?" என்றேன்.

"அம்மா என்னிக்கு வாயத் தொறந்திருக்குது? எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டிய நோண்டீட்டே இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னைத் தாண்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் திரும்பி வந்தேன். பையைக் கீழே வைத்த கையோடு உப்பு ஜாடி பக்கம் போய்ப் பெட்டியை எடுத்து ஆன் செய்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. உயர்ந்த ஸ்கோர் ஏறுமே தவிர, தானாக இறங்காது. அழித்திருக்கிறார்! என்னைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வைத்திருக்கிறார்.

"ஏனுங் அத்தை, என்ற நம்பர் எங்கீங்க?" கல்யாணமாகி முதல்முறையாக என் குரல் உயர்ந்தது.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"படம் மங்கலாத் தெரிஞ்சுது கண்ணு. டார்ச்சு பேட்டரியாட்ட வெயில்ல காஞ்சா உசுரு வருமுன்னு எடுத்துத் தொவைக்கற கல்லு மேல வெச்சுப்போட்டேன். திருப்பிப் போட்டா உன்ற நம்பரு போயி முட்டை முட்டையா நிக்குது. பையங்கிட்டச் சொல்லிப் புதுசு வாங்கிப் போட்டும் வரல."

தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் வைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். என் அம்மாவும் செய்வார்.

"நீ வாரதுக்குள்ள முப்பத்தாறாயிரத்தி எரநூறுக்கு ஏத்தி வெச்சரலாமுன்னு தெனமும் பாத்தேன்" என்றார் அத்தை. "உன்றது அழிஞ்சு கெடந்தா ஊட்டுக்குள்ள வந்ததும் நீ என்ன நெனப்பே? வெரலு சொன்னபடி கேக்க மாட்டீங்குது கண்ணு."

அந்த எண்ணை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நூறுகூடப் பிசகாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விரலில் இருந்த துணியை அவிழ்த்து, வீங்கியிருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். இந்த மனுஷியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று இருந்தது. அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து சேர்ந்தே ஆடினோம். பெட்டியின் இடது பக்கம் கட்டையை நகர்த்தும் பொத்தான்கள், வலது பக்கம் திருப்பும் பொத்தான். நகர்த்துவது அத்தை, திருப்புவது நான். "திருப்பு, திருப்பு, அய்யோ!" என்று அத்தை போடும் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தாரோ.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மண்ணெண்ணெயும் தீர்ந்திருந்தது. வீட்டுக்காரர் தன் சின்ன டார்ச்சுக்குப் பேட்டரி தேடித் தடவிக்கொண்டே வந்து, பெட்டியின் பின்மூடியில் கை வைத்தார்.

"கழட்டாத சாமி!"

"கழட்டாதீங்க!"

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் போட்ட சத்தத்தில் அவர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டார். அன்று மூன்று பேரும் இருட்டிலேயே சாப்பிட்டோம்.